செல்லாமல் விட்ட நாலணா

கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு எண்ணெய் டின்களை ஜோஷுவா இழுத்து வெளியே வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டதும், டோரதி பதில் சொல்லாமல் அவற்றை மறுபடி உள்ளே தள்ளிவிட்டதும் போன ஞாயிற்றுக்கிழமை. அதன் பிறகு அவளிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்க நேரமும் இல்லை. அக்ரஹாரம் பேட்டையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஹெப்பாளில் ஜோஷுவா வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்குக் குடிபோக வேண்டிய நாள் நாளை, சனிக்கிழமை. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். காபி டம்ளர்கூட எந்தப் பெட்டியில் போனதென்று தெரியாமல் எல்லோரும் எவர்சில்வர் கிண்ணத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டின்களுக்குள் என்ன இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அத்தனையும் நாலணா. கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் குளுக்கோஸ் பாட்டில்களில் நிரப்பி, புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, வரிசையாக அடுக்கியிருந்தது. டோரதி ஓய்வு பெறும்வரை ஒரு நர்ஸிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். பாட்டிலும் துணியும் அங்கிருந்து வந்திருக்கும். செல்லாமல் போய்ப் பல வருடங்களான காசை இப்படிக் கட்டிக் காப்பாற்றுவது எதற்கென்றுதான் யாருக்கும் புரியவில்லை.

"அம்மாவுக்கு காயின் கலெக்‌ஷன் ஆசை போல" என்று ஜோஷுவா சிரித்தான்.

"கலெக்‌ஷன்னா விதவிதமா இருக்கணும்ல? இது எல்லாமே ஒரே காசா இருக்கு" என்றாள் நிம்மி.

நிம்மி அவன் மனைவி. ஃபிளாட் வாங்குவதைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டானே என்று கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய், சமீபத்தில்தான் திரும்பியிருந்தாள். கூப்பிட வந்த இடத்தில் ஜோஷுவா சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் அவளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

"எங்கப்பா குடிச்ச குடிக்கு, எங்கம்மா ஒரு நாள்கூட வீட்டை விட்டுப் போகணும்னு நினைச்சதில்லை. நீ ஒரு ஃபிளாட்டுக்காகப் போயிட்டே."

அன்றைக்கு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவனோடு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டோரதி சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். அவள் தெருமுனை திரும்பியதும், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜோஷுவா அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா, அந்த டின்னுங்க புது வீட்டுக்கு வர வேணாம். வைக்க இடமும் இல்ல. அம்மா இருக்கும்போது எடுத்தா விடமாட்டாங்க."

மதலைமுத்துவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்பது அக்ரஹாரத்தில் பழைய ஆட்களுக்கு மட்டுமே தெரியும். இப்போதிருக்கும் மதலைமுத்து காலையில் எழுந்து காபி போடுவார், துணி உலர்த்துவார், கோயிலில் நாற்காலி அடுக்குவார். மருமகள் ஆபீஸ் போகும்போது ஸ்கூட்டரைத் துடைத்து வைப்பார்.

"மண்டி மொஹல்லாவுல குஜரிக் கடைல எடைக்கு எடுத்துக்கறாங்கம்மா" என்றார் நிம்மியிடம். "வர்ற காசோட நானும் கொஞ்சம் போட்டு உங்க அத்தைக்கு ஒரு மிக்ஸி வாங்கிடறேன். புது வீட்டுல புது மிக்ஸி. கோவிச்சுக்க மாட்டா."

ஆட்டோக்காரரும் அவருமாக டின்களைத் தூக்கிப் போனபோது நிம்மி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வந்த டோரதி புடவை மாற்றினாள். கட்டிலுக்கடியைக் கூட்டிவிடலாம் என்று துடைப்பத்தோடு குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.

"நிம்மி, டின் எங்கே?"

"மாமா எடுத்துட்டுப் போனாரு அத்தை. மண்டி மொஹல்லாவுக்கு. ஜோஷுவாதான் சொன்னாரு."

"நீ வீட்டுலதானே இருந்தே?"

"இருந்தேன்."

டோரதி மெத்தை சுருட்டிய வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். மாமியார் சத்தம் போடுவாள் என்று நிம்மி எதிர்பார்த்தாள். இந்த மூன்று வருடத்தில் டோரதி சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை, ஆனாலும் இன்றைக்குப் போடுவாள் என்று நினைத்தாள்.

"வண்டிச் சாவியை எடு" என்றாள் டோரதி.

மண்டி மொஹல்லா சந்துக்குள் ஸ்கூட்டர் நகரவே இல்லை. மூட்டை இறக்கும் வண்டிகள், குறுக்கே திரும்பும் ஆட்டோக்கள். பின்சீட்டில் டோரதி நிம்மியின் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடைகள் ஒன்றையடுத்து ஒன்றாக இருந்த வரிசையில், நான்காவது கடை வாசலில் மதலைமுத்துவின் செருப்பைத் தற்செயலாக நிம்மிதான் பார்த்தாள்.

உள்ளே தார்பாய் விரித்து, அதன்மேல் நாலணாக்களைக் கொட்டியிருந்தார்கள். கடைக்காரர் கையில் ஒரு பெரிய காந்தம். குவியலில் அதை விட்டு எடுத்தார். ஒட்டிக்கொண்டு வந்த எவர்சில்வர் காசுகளை ஒரு பக்கம் உதறினார். ஒட்டாமல் தங்கிய, செம்பு கலந்த பழைய நிக்கல் காசுகளை இன்னொரு பக்கம் ஒதுக்கினார். அதற்குத்தான் விலை அதிகமாம்.

மதலைமுத்து ஒரு முக்காலியில், காலியான குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"டோரதி, நானே வந்து சொல்லலாம்னுதான்..."

"பிரிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க."

கடைக்காரருக்குத் தமிழ் புரிந்தது. காந்தத்தைக் கீழே வைத்தார். "வாபஸ் பேகாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். திரும்ப வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

டோரதி தார்பாயின் ஓரத்தில் நின்று பார்த்தாள். பாட்டில் பாட்டிலாகத் தெரிந்தது கொட்டிய பிறகு ஒரே குவியலாக இருந்தது. எந்த வருடத்துக் காசு எது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது.

"எனக்கு நிஜமாவே புரியலை" என்றார் மதலைமுத்து. குரலில் கோபமில்லை. "செல்லாத காசை எதுக்கு இத்தனை வருஷம் கட்டிக்கிட்டு இருந்தே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது? உங்களை விட்டுப் போறதுக்குச் சேர்த்த காசு அது."

கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நிம்மிக்கும் வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் டோரதி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"சம்பளத்தன்னிக்கு நர்ஸிங் ஹோம் கேட்டுல வந்து நிப்பீங்க. கவரை அப்படியே கொடுத்துடுவேன். நோட்டு எங்க வெச்சாலும் கண்டுபிடிச்சுடுவீங்க. அரிசிக்குள்ள வெச்சேன், பைபிள் அட்டைக்குள்ள வெச்சேன். நாலணாவை மட்டும் தொட்டதில்லை."

மதலைமுத்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

"சாராயக் கடைல போய் நாலணா நாலணாவா எண்ணிக் கொடுக்க உங்களுக்கு மானம் இடம் கொடுக்கலை. ஃபேக்டரி ஆளுங்க பார்ப்பாங்கல்ல? அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் பஸ்ஸுல வர்ற சில்லறை, கேன்டீன்ல வர்ற சில்லறை. எப்பவாவது எக்ஸ்ட்ரா டியூட்டி பார்த்து கூடக் கிடைச்சா, திங்கக்கிழமை கோயில்ல உபதேசியார்கிட்ட நோட்டைக் கொடுத்து காணிக்கைச் சில்லறையா வாங்கிப்பேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"எதுக்குன்னு அவர் கேட்டதில்லை."

"எங்க போறதா இருந்தே?"

"மார்ட்டள்ளிக்கு. எமிலி அக்கா வீட்டுக்கு. அங்க சிஸ்டருங்க நடத்தற டிஸ்பென்சரில எனக்கு வேலை சொல்லி வெச்சிருந்தா. ஜோஷுவாவைப் பக்கத்துல ஸ்கூல்ல சேர்த்துட்டு, தனியா ஒரு ரூம் எடுத்துக்கறதா இருந்தேன். அதுக்கு அட்வான்ஸ், பாத்திரம், பையனுக்கு யூனிஃபார்ம் எல்லாம் மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். கணக்கு நிறையறதுக்குள்ள ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒண்ணு வந்துச்சு. பையன் வளர்ந்துட்டே போனான்."

மதலைமுத்து கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"நாலணா செல்லாதுன்னு சொன்னப்ப மாத்தியிருக்கலாமே. பேங்குல வாங்கினாங்களே."

"அந்த மாசம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. மஞ்சள் காமாலை. பெரியாஸ்பத்திரியில் மாடி வார்டு. இனி ஒரு சொட்டு உள்ளே போனால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்ன மாதம்.

"வார்டு ஜன்னல்லேர்ந்து எதிர்ல பேங்கு தெரியும்" என்றாள் டோரதி. "பையும் சாக்குமா ஜனங்க நின்னுட்டிருந்தாங்க. நானும் கடைசி நாள்ல ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்திருந்தேன். மீதியை மத்தியானம் போய் எடுத்துட்டு வரலாம்னு. உங்க கட்டிலுக்குக் கீழதான் வெச்சிருந்தேன், நீங்க பார்க்கலை. போகணும் போகணும்னு ஜன்னல்லயே நின்னுட்டிருந்தேன். ஷட்டரை இறக்கிட்டான். அப்புறம் திரும்பி வந்து உங்களுக்கு இளநீர் கொடுத்தேன்."

"ஏன் போகலை?"

"மாத்தி நோட்டா கையில வாங்கிட்டா, அப்புறம் போயே ஆகணும். போகாம இருக்க ஒரு காரணமும் இருக்காது. நோயாளியா கிடக்கற மனுஷனை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. போக மாட்டேன்னு சொல்லவும் மனசு வரலை. தேதியே போயிடட்டும்னு நின்னுட்டேன்."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது நகர்ந்து போன பிறகுதான் மதலைமுத்து பேசினார்.

"அதுக்கப்புறம் நான் தொடவே இல்லையே டோரதி."

"இல்லை. தொடலை. நான் இல்லைன்னு சொல்லலையே." அவள் குரல் முதல்முறையாகத் தளர்ந்தது. "நல்லாத்தான் வெச்சுக்கிட்டீங்க. கோயில்ல எல்லாரும் உங்களைச் சொல்லும்போது எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா இருக்கணும்னு முடிவு பண்ணி நான் இருக்கலை. தேதி போயிடுச்சு, இருந்துட்டேன். ராத்திரி படுக்கறப்ப கீழ அது இருக்குன்னு தெரியும். அதான் தூக்கிப் போடலை. போட்டுட்டா நான் அப்படி நினைச்சதே இல்லைன்னு ஆயிடும். உங்க பையன் அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான். எங்கம்மா ஒரு நாள்கூட நினைச்சதில்லைன்னு."

நிம்மி தரையைப் பார்த்தாள். தன்னிடம் சொன்னதை அத்தை எப்படிக் கேட்டாள் என்று யோசித்தாள். ஒருவேளை தன்னிடம் மட்டும் அவன் அதைச் சொல்லவில்லை. எத்தனையோ பேரிடம், அம்மாவின் எதிரிலேயே, பெருமையாகச் சொல்லியிருப்பான். ஒவ்வொரு முறையும் அத்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

மதலைமுத்து முக்காலியைத் தள்ளிவிட்டுத் தார்பாயில் மண்டியிட்டார். முட்டி வலிக்காரர். ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் காசுகளை அள்ளி அள்ளிப் பாட்டிலுக்குள் போட ஆரம்பித்தார். பாதி உள்ளே விழுந்தது, பாதி வெளியே சிதறியது.

"எல்லாத்தையும் வாபஸ் எடுத்துக்கலாம்" என்றார். "எந்த வீட்டுக்குப் போனாலும் உன் கட்டிலுக்குக் கீழயே இருக்கட்டும். ஜோஷுவாகிட்ட நான் பேசறேன்."

டோரதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிம்மியின் கையை விட்டுவிட்டு, பின்கட்டுப் பக்கம் திரும்பி, "பாய், எடை போடுங்க" என்றாள்.

"டோரதி."

"எழுந்திருங்க. முட்டி பிடிச்சுக்கும். இது இனிமே வேணாம். சொல்லிட்டேன்ல."

கடைக்காரர் வந்து எடை போட்டார். பணத்தை மதலைமுத்துவிடம் நீட்டினார். அவர் வாங்காமல் மனைவியைக் காட்டினார். டோரதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மிக்ஸி வாங்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய மிக்ஸி நல்லாத்தான் ஓடுது." டோரதி வெளியே வந்து ஸ்கூட்டரின் அருகே நின்றாள். "நிம்மி, என்னை சபர்பன் பஸ் ஸ்டாண்டுல விட்டுடு."

"எங்க போறீங்க அத்தை?"

"எமிலி அக்காவைப் பார்க்க."

"நாளைக்கு வீடு மாத்தணுமே."

"மாத்துங்க. எல்லாம் கட்டித்தானே வெச்சிருக்கோம்."

"மாத்துப் புடவைகூட எடுத்துக்கலையே."

"அக்காகிட்ட இருக்கு" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள் டோரதி.

கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. டோரதி நடுவில் ஒரு ஜன்னல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தாள். ஆட்டோவில் பின்னாலேயே வந்த மதலைமுத்து, மூச்சு வாங்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

கண்டக்டர் அவளிடம் ஆதார் கார்டைக் கேட்டார். பார்த்துவிட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மார்ட்டள்ளிக்கு ஹனூரில் பஸ் மாற வேண்டும், அங்கேயும் இதே போலத்தான் என்று அவர் சொன்னபோது டோரதி லேசாகச் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"அந்தக் காலத்துல பஸ் சார்ஜைத்தான் முதல்ல கணக்குப் போடுவேன்" என்றாள் ஜன்னல் வழியாக.

மதலைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நானும் வரட்டா? எனக்கு டிக்கெட் வாங்கிக்கறேன். அக்காகிட்ட நானும் ரெண்டு வார்த்தை..."

"வேணாம்."

"எப்ப வருவே?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். என்ஜின் உதறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தெரியலை. வந்தா இந்தத் தடவை முடிவு பண்ணித்தான் வருவேன். வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்குங்க. பிரஷர் மாத்திரை நீலப் பைல இருக்கு, பெட்டில கட்டலை."

பஸ் பின்னோக்கி நகர்ந்து வளைந்து ஸ்டாண்டை விட்டு வெளியேறியது. மதலைமுத்து கையை உயர்த்தவில்லை. அது கண்ணுக்கு மறைந்த பிறகும், அது நின்ற இடத்தில் அடுத்த பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நிம்மிதான் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நீயும் கேட்டே இல்லம்மா?"

"கேட்டேன் மாமா."

"அவ சொன்னது எல்லாம் நிஜம். கேட்டுல நின்னது, பைபிள் அட்டையைக் கிழிச்சது. எனக்கு ஞாபகம் இருக்கு. அவளுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சுட்டிருந்தேன். அவ்வளவு வருஷம் ஆயிடுச்சேன்னு."

நிம்மியின் ஃபோன் அடித்தது. ஜோஷுவா.

"அம்மா ஃபோன் எடுக்கலை. டின் விஷயம் தெரிஞ்சுபோச்சா? ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

நிம்மிக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. சொன்னால் அவள் வாயிலிருந்து அது வேறு மாதிரி வரும். தன் சண்டைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது போல வரும். அவள் தயங்கிய அந்த நேரத்தில் மதலைமுத்து கையை நீட்டினார்.

"கொடு. நான் சொல்றேன்."

ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஜோஷுவா, அப்பா பேசறேன். அம்மா எமிலி பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா. இல்லப்பா, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை." ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். "அந்தக் காசு அம்மா என்னை விட்டுப் போறதுக்காகச் சேர்த்தது. உன்னைக் கூட்டிக்கிட்டு. நீ சின்னப் பையனா இருந்தப்பவே. அவ நினைச்சதுல ஒரு தப்பும் இல்லை. நான் அப்படித்தான் இருந்தேன். நீ இனிமே யார்கிட்டயும் அம்மா நினைச்சதே இல்லைன்னு சொல்லாதே."

லைன் கட்டாகிவிட்டதோ என்று மதலைமுத்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு ஜோஷுவாவின் குரல் கேட்டது. ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் நின்று பேசுகிறவனின் அடங்கிய குரல்.

"அப்பா, நிம்மி பக்கத்துல இருக்காளா?"

"இருக்காப்பா."

"அவகிட்ட கொடுங்க."

மதலைமுத்து ஃபோனை நீட்டினார். நிம்மி வாங்கிக்கொண்டாள். பெஞ்சிலிருந்து எழுந்து, பஸ்களின் இரைச்சல் குறைவாக இருந்த ஒரு தூணின் பக்கம் நகர்ந்த பிறகுதான் அதைக் காதில் வைத்தாள்.